ஜோடி நோட்டு

அலமாரியை விட்டுக் கிளம்பி அந்த நோட்டு வீடு திரும்ப ஆனது பதினோரு நாள், நான்கு மணி நேரம். இந்தக் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அலமாரியிலிருந்து அதை எடுத்தவள் அவள். பதினோராம் நாள் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அதைத் திரும்ப வாங்கியவளும் அவளே. இடையில் அதை ஏலத்தில் விற்றதும் அவள்தான். வாங்கியவர் அவள் கணவர்.

விற்றது யார் என்று வாங்கியவருக்குத் தெரியாது. அதுதான் சங்கடம்.

அவர் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கொள்முதல் பார்ப்பவர். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துவிட்டு என்ன நூல், எந்த ஆலை, எத்தனை தடவை துவைத்தால் சாயம் போகும் என்று சொல்லிவிடுவார். ஆலைக்காரர்கள் அவர் வாயைப் பார்க்கமாட்டார்கள், விரலைத்தான் பார்ப்பார்கள். வார நாட்களில் துணிக்கு உழைத்த அந்த விரலும் கண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரூபாய் நோட்டுகளுக்கு உழைத்தன. வீட்டில் பதினான்கு ஆல்பம். அலமாரியின் மேல் இரண்டு தட்டும் அவற்றுக்கு. கல்யாணமான ஒன்பது வருடமாக அவளுடைய துணிமணிகள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

"ஒரே ஒரு தட்டு குடுங்களேன்" என்று அவள் கேட்டாள். வருடத்துக்கு ஒரு முறை கேட்பாள்.

"எதை எடுக்கச் சொல்ற? ஒவ்வொண்ணும் ஒரு சொத்து."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். யாராவது "எல்லாமே" என்று சொன்னால் அதிலிருந்து ஒரு மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்க்கத் தோன்றும். வாய்ச் சண்டை அவளுக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வேண்டும் என்றால் முந்தின நாளே சாக்கு தேடுவாள். சோதனை என்றால் வரும்.

அவர் கடைக்குப் போன ஒரு காலையில், தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் இரும்புப் பெட்டியைத் திறந்து எட்டாவது ஆல்பத்தை எடுத்தாள். அவர் ஒவ்வொரு நோட்டின் உறையிலும் ஒரு சீட்டு எழுதி வைப்பார். நல்ல நோட்டு என்றால் வரிசை எண், வாங்கிய தேதி, யாரிடம் வாங்கியது, வாங்கும்போது அந்த ஆள் எப்படி முழித்தான் என்பது வரை இருக்கும். சுமாரான நோட்டுக்கு இரண்டு வரிதான். எண்கூட எழுதமாட்டார், அதற்கு அவ்வளவு மரியாதை கிடையாது. இருப்பதிலேயே சுருக்கமான சீட்டு ஒரு படகு நோட்டுக்கு இருந்தது. கத்தரிப்பூ நிறம், நடுவில் பாய் விரித்த படகு. இரண்டே வருடம் அச்சாகி நின்று போனது. அதை எடுத்துக்கொண்டாள். சீட்டை உறையிலேயே விட்டாள்.

அவள் திட்டம் எளிமையானது. பழம்பொருள் ஏலம் போடும் இணையதளத்தில் இருப்பதிலேயே குறைந்த விலைக்கு அதைப் போடுவது. ஐந்து நாளில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதை அவரிடம் காட்டுவது. நோட்டைத் திரும்ப வைப்பது. ஒரு தட்டு கேட்பது.

புகைப்படத்தைப் பரிசோதனைக் கூடத்தில் எடுத்தாள். தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு வெள்ளை விளக்குப் பெட்டி உண்டு. நிழலே விழாது. அந்த வெளிச்சத்தில் வைத்தால் சாக்கடைத் தண்ணீர்கூடக் கொஞ்சம் கௌரவமாகத் தெரியும். விற்பவர் பெயர் என்ற இடத்தில் 'நீர்த்துளி' என்று போட்டாள். விவரம் என்ற இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து, 'ஒரு பழைய நோட்டு. தரம் தெரியாது' என்று எழுதினாள்.

இரண்டு நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் 'கழுகு' என்று ஒருவர் விலை கேட்டார். அரை மணி நேரத்தில் 'லென்ஸ்' என்று ஒருவர் அதற்கு மேலே கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் மாலை ஏலம் முடிந்தபோது விலை அவளுடைய பாதி மாதச் சம்பளம். ஜெயித்தது கழுகு. பொருளை அனுப்ப வேண்டிய முகவரி வந்தது.

தெரு சரி. கதவு எண் சரி. 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ப்புறம், இரண்டாவது மாடி' என்ற அடையாளமும் சரி. அதற்குக் கீழே கூடுதலாக ஒரு குறிப்பு: 'பகலில் வீட்டில் ஆள் இருக்காது. மனைவி ஐந்தரைக்கு வருவாள். அவளிடம் கொடுக்கலாம். நம்பிக்கையானவள்.'

பக்கத்து மேசையில் குளோரின் அக்கா புட்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாகத் தண்ணீரில் குளோரின் பார்ப்பதுதான் அவள் வேலை, அதனால் அந்தப் பெயர்.

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, எங்க வீட்டுக்காரரு என்கிட்ட ஒரு நோட்டு வாங்கிட்டாருக்கா."

"வாங்கினா வாங்கிட்டுப் போறாரு. பக்கம் கிழிச்சிருக்காரா?"

"அந்த நோட்டு இல்லக்கா. அவரோட நோட்டு. அவர்கிட்டயே வித்துட்டேன்."

முழுக் கதையையும் கேட்டு முடிப்பதற்குள் குளோரின் அக்கா சிரித்த சிரிப்பில் மூன்று புட்டிகளின் கணக்கு கெட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இன்னைக்கே போய்ச் சொல்லிடு. சிரிச்சுட்டு விட்டுருவாரு. நாள் கடத்தின, முத்திப் போயிடும்."

பேருந்தில் வரும்போது வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டாள். 'ஏங்க, ஒரு வேடிக்கை நடந்து போச்சு.' இப்படி ஆரம்பிப்பதாக இருந்தாள். ஆரம்பிக்க விடவில்லை. அவர் அன்று முன்னதாகவே வந்து, கைபேசியை மேசையில் சாய்த்து வைத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா, இங்க வா. இந்த மூலையைப் பாரு. கத்தி மாதிரி இருக்கா இல்லையா? நிறத்தைப் பாரு. நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. நீர்த்துளின்னு எவனோ ஒருத்தன், சரியான அப்பாவி. தரம் தெரியாதுன்னு எழுதி வச்சிருக்கான்! இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மடையன்."

"பொம்பளையாக்கூட இருக்கலாம்ல?"

"பொம்பளையா இருந்தா விவரமா இருந்திருப்பா." பெருந்தன்மையோடு சொன்னார். "அந்த லென்ஸ் யாருன்னு நினைக்கிற? நம்ம சங்கத்துச் செயலாளர். எழுதற தோரணையிலயே கண்டுபிடிச்சேன். மூணு நாள் தூங்க விடலயே அவரை! கண்ணுன்னா இது கண்ணு."

தன் கண்ணைத் தானே தொட்டுக் காட்டினார். ஒன்பது வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

தயார் செய்திருந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அவள் காபி போடப் போனாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவர்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைமை அதிகாரி எப்போதாவது ஒரே தண்ணீரை இரண்டு புட்டியில் ஊற்றி, இரண்டு எண் ஒட்டி, சோதிக்கிறவரிடம் சொல்லாமல் வரிசையில் நுழைத்துவிடுவார். இரண்டு புட்டிக்கும் ஒரே முடிவு வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு வரவில்லை. ஒன்றைக் குடிக்கலாம் என்றும், மற்றதைக் குடிக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதிகாரி திட்டவில்லை. இரண்டு தாளையும் அருகருகே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதற்கப்புறம் பல மாதம் தன் கண் பார்ப்பதைத் தானே நம்பாமல், ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தாள்.

இந்த மனிதருக்கு அவள் இரட்டைப் புட்டி வைத்துவிட்டாள். தெரியாமல் செய்ததுதான். உண்மையைச் சொன்னால் போகப்போவது பணம் இல்லை. ஆல்பத்தில் இருந்தபோது சுமார் என்று எழுதிய நோட்டை, இன்னொருத்தன் கையில் பார்த்ததும் பொக்கிஷம் என்று சொன்ன அந்தக் கண் போய்விடும். நாளைக்குக் கடையில் எந்த முகத்தோடு துணியைத் தேய்ப்பார்?

மறுநாள் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, தன் வீட்டுக்கே போகப்போகும் பொட்டலத்தை அனுப்பினாள். ஏலத் தளத்தின் வழக்கப்படி அது வேறொரு ஊரில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்குப் போய், அசல்தான் என்று பார்க்கப்பட்டு, அங்கிருந்து வீட்டுக்கு வந்தது. ஒரே வீட்டின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போன பணத்தில் எட்டில் ஒரு பங்கைத் தளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் நோட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அறுபத்தஞ்சு" என்றார். நோட்டுகளுக்கு எழுபதுக்கு மதிப்பெண் போடுவார்கள். யார் கையும் படாத நோட்டுதான் அறுபதைத் தாண்டும். "ஒரு புள்ளி குறையாது."

"நடுவுல ஒரு கோடு மாதிரி தெரியுதே?"

"அது மடிப்பு இல்ல. காகிதத்தோட சுபாவம்."

சங்கம் ஞாயிறு காலையில் கூடும். ஒரு பயிற்சி வகுப்பின் அறையை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவர்ப் பலகையில் எப்போதும் முந்தின நாள் கணக்குப் பாடம் அழியாமல் இருக்கும். உறுப்பினர்கள் பதினாறு பேர். மனைவியை அழைத்துவருபவர் அவர் ஒருவர்தான். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். அவள் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவாள். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் அவள் பேசியது இரண்டே சொல்: "வணக்கம்", "போதும்". இரண்டாவது தேநீருக்கு.

செயலாளர் நோட்டைப் பார்த்தார். தோற்ற வலி முகத்தில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு, ஜவுளி. ஆனா தரச்சான்று இல்லாம இது வெறும் காகிதம்."

இது சங்கத்தின் பழைய சண்டை. நோட்டைத் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், அவர்கள் சோதித்து, மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டி அனுப்புவார்கள். செயலாளரின் நோட்டுகள் எல்லாம் உறைக்குள் இருந்தன. ஜவுளிக்காரர் ஒன்றைக்கூட அனுப்பியதில்லை.

"என் பொண்டாட்டி அழகா இருக்காளா இல்லையான்னு ஊரான்கிட்ட சீட்டு வாங்கணுமா நான்?" என்றார் அவர்.

அறை சிரித்தது. கடைசி வரிசையில் அவள் தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டாள்.

"பொண்டாட்டியை விக்கப் போறதில்லயே!" என்றார் செயலாளர். "நோட்டை நாளைக்கு விக்கணும்னா? உங்க தரம் உங்க வாய்க்குள்ள இருக்கு. வாங்கறவன் உங்க வாயையா வாங்குவான்?"

கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். கை கொஞ்சம் நடுங்கும், ஆனால் கடிகாரத்தைத் தொட்டதும் நின்றுவிடும். அவர் மெதுவாகச் சொன்னார். "கடிகாரம் ஓடுதான்னு பாத்துச் சொல்லலாம், அதுக்குக் காசு வாங்கலாம். ஓடற கடிகாரத்தை டப்பாவுல வச்சு ஒட்டிட்டு, மேல 'ஓடும்'னு எழுதறதுக்கு எதுக்கு அவ்வளவு காசு? வாங்கின விலையில கால்வாசி ஆகுது தம்பி. அறுபத்தஞ்சு வந்தா விலை மூணு மடங்கு, சரி. நாப்பதுக்குப் பக்கம் வந்தா டப்பாக் காசுகூடத் தேறாது. விலை அதிகமான நோட்டுக்குச் செய்யலாம். எல்லாத்துக்கும் செஞ்சா டப்பாதான் மிஞ்சும்."

"அறுபத்தஞ்சு வரும்னு நம்பிக்கை இருக்கறவரு எதுக்குப் பயப்படணும்?" என்றார் செயலாளர்.

அங்கேதான் ஜவுளிக்காரர் மாட்டினார். ஒரு தாளில் '65' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, எல்லோர் முன்னாலும் செயலாளரிடம் கொடுத்தார். நோட்டும் போயிற்று. முடிவு செயலாளர் முகவரிக்கு வரும், சங்கத்தில் வைத்துப் பிரிப்பது என்று பேச்சு. அதோடு நின்றிருக்கலாம். வாசல்வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்.

"இன்னொண்ணு. என் ஆல்பத்துல இதே வரிசையில ஒரு படகு இருக்கு. கடைசி எண் பதினெட்டோ பத்தொன்பதோ, சரியா ஞாபகம் இல்ல. இது பதினெட்டு. அப்போ அது பத்தொன்பதுதான். அடுத்தடுத்த எண். ஜோடி!"

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஜோடி என்றால் விலை எங்கேயோ போகும். கடைசி வரிசையில் ஒருத்திக்கு மட்டும் மூச்சே வரவில்லை.

அன்றே ஆல்பத்தைத் திறந்து பார்த்திருப்பார். ஈரம் காப்பாற்றியது. காற்றில் ஈரம் அறுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆல்பத்தைத் திறக்கக் கூடாது, காகிதத்துக்குக் கெடுதல் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பிறந்த நாளுக்கு ஒரு ஈரப்பத மீட்டரும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவள் கொடுத்ததிலேயே அவர் மிகவும் மதித்தது அதுதான். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. மீட்டர் எழுபத்தொன்று காட்டியது.

"இறங்கட்டும்" என்றார். "அறுபதுக்கு வந்ததும் திறந்துடலாம்."

தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் மீட்டரைப் பார்ப்பார். வெயில் அடிக்க ஆரம்பித்தது. அறுபத்தாறு. அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றைப் பார்த்த அன்று அவள் ஒரு ஸ்பாஞ்சை நனைத்து மீட்டருக்குப் பின்னால் செருகினாள். விஞ்ஞானம் படித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை செய்தது. மறுநாள் காலை எழுபத்து நான்கு.

"என்னடி இது, வெளியில மண்டை பிளக்குது, வீட்டுக்குள்ள எழுபத்து நாலு?"

"சுவர்ல ஈரம் இருக்கும்ங்க. மெதுவாத்தான் இறங்கும்."

மூன்று வாரம் அந்த வீட்டில் மட்டும் மழைக்காலம் நீடித்தது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனார். வீட்டுக்காரர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து நிறுத்தினார். கொத்தனார் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காஞ்ச சுவரு சார் இது" என்றார். அவர் மீட்டரைக் காட்டினார். கொத்தனார் மீட்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கூலி வாங்காமல் போய்விட்டார்.

அவள் வேறு வழியும் தேடினாள். ஏலத் தளத்தில் இன்னொரு படகு நோட்டு கிடைத்தால், விற்ற பணத்தில் அதை வாங்கி உறையில் வைத்துவிடலாம். ஒன்றே ஒன்று இருந்தது. விற்பவர் பெயர் 'லென்ஸ்'. கழுகு கொடுத்த விலையைப் பார்த்துவிட்டுச் செயலாளர் தன்னுடையதை இரண்டு மடங்குக்குப் போட்டிருந்தார்.

"அக்கா, என்ன செய்யறதுக்கா?"

"நான் அன்னைக்கே சொன்னேன்." குளோரின் அக்கா கலக்குவதை நிறுத்தவில்லை. "முத்திப் போச்சு. ஒரு வரிதானடி. வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

அன்று மாலை வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஒரு விஷயம். அந்த ஆல்பத்துல இருக்கற படகு..."

"பத்தொன்பதுதான். எனக்குச் சந்தேகமே இல்ல. நீ கவலைப்படாத." அவர் அவள் தோளைத் தட்டினார். "ஜோடி வித்ததும் உனக்கு ஒரு தனி அலமாரி. தட்டு இல்ல, அலமாரி."

அவள் போய் ஸ்பாஞ்சை நனைத்தாள்.

முடிவு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேரும் வந்திருந்தார்கள். மேசையின் நடுவில் தரம் பார்க்கும் நிறுவனத்தின் பொட்டலம். பக்கத்தில் ஜவுளிக்காரர் ஒட்டிக் கொடுத்த உறை. எட்டாவது ஆல்பம் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியபடி அவள் மடியில் இருந்தது. திறக்கமாட்டோம், சும்மா காட்டத்தான் என்று அவர் சொல்லியிருந்தார். ஈரம் இறங்கவில்லையே.

செயலாளர் முதலில் உறையைப் பிரித்தார். "அறுபத்தஞ்சு" என்று படித்துக் காட்டினார். பொட்டலத்தைக் கத்தியால் வெட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் படகு நோட்டு இன்னும் அழகாக இருந்தது. அவர் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். உடனே படிக்கவில்லை. அந்த இரண்டு நொடியை அனுபவித்தார்.

"நாப்பத்தஞ்சு. நடுவுல ஒரு மடிப்பு."

யாரோ இருமினார்கள்.

ஜவுளிக்காரர் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். காதுகள் சிவந்தன. கடையில் பத்து வருடத்துக்கு முன் ஒரு தடவை கலப்பு நூலை அசல் பட்டு என்று சொல்லிவிட்டு இப்படித்தான் சிவந்ததாக அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"அவங்க கண்ணும் கண்ணுதானே. தப்பும்" என்றார்.

"டப்பாக் காசு போச்சு தம்பி" என்றார் கடிகாரக்காரர் இரக்கத்தோடு.

"போகட்டும்!" அவர் நிமிர்ந்தார். "நாப்பத்தஞ்சானாலும் ஜோடி ஜோடிதான். பத்தொன்பது என்கிட்ட இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சா இந்த நம்பரை யார் பாக்கப் போறா?"

"அப்போ காட்டுங்க" என்றார் செயலாளர்.

"ஈரம்..."

"இங்க ஏசி ஓடுது. பாருங்க." செயலாளர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து மேசையில் வைத்தார். நாற்பத்தெட்டு.

அவர் திரும்பி அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல பாத்துக்கலாமே" என்று சொன்னாள். சத்தம் அவள் பல்லைக்கூடத் தாண்டவில்லை. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

கையுறை. சாவி. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் கை நின்றது.

உறை காலி. சீட்டு மட்டும் இருந்தது.

செயலாளர் சீட்டை எட்டிப் பார்த்துப் படித்தார். "படகு. சுமார். நடுவில் மடிப்பு. நல்லது கிடைத்ததும் மாற்றவும்."

ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஜவுளிக்காரர் சிரிக்கும் நிலையில் இல்லை. உறைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார், முந்தின பக்கத்தைப் பார்த்தார், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"இருந்துச்சு" என்றார். "இங்கதான் இருந்துச்சு. பூட்டின பெட்டி. சாவி என் இடுப்புல."

இன்னொரு சாவி மாவு டப்பாவில் இருப்பதை அவர் மறந்திருந்தார். அவளிடம் கொடுத்து வைத்ததையும் மறந்திருந்தார். நம்பிக்கையானவள்.

"கடைசியா எப்போ திறந்தீங்க?" என்றார் செயலாளர்.

"இங்க. ஆறு மாசம் முன்னாடி, கண்காட்சி அன்னைக்கு."

சங்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. யாருடைய ஆல்பத்தை யார் கையில் வாங்கிப் பார்த்தாலும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்து, விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தார். விரல் நின்ற இடத்தைப் படிக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

எல்லோரும் அவர் பார்த்த திசையில் பார்த்தார்கள்.

"நான்தான் பாத்தேன்" என்றார் கடிகாரக்காரர். "படகு அழகா இருக்கேன்னு ரெண்டு நிமிஷம் வச்சுப் பாத்தேன். திருப்பி வச்சேன். வச்சேன்னுதான் ஞாபகம்."

"யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலையே!" என்றார் செயலாளர். சொல்கிற குரலில் சொன்னார்.

"வயசாச்சு. கை நடுங்குது. எதுலயாவது ஒட்டிக்கிட்டு வந்துருச்சோ என்னவோ." பெரியவர் எழுந்து நின்று சட்டைப்பையில் கையை விட்டார். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி. சின்னத் திருப்புளி. பட்டாணி அளவு பேட்டரி இரண்டு. பேருந்துச் சீட்டு. கைக்குட்டையை உதறிக் காட்டினார். அப்புறம் மற்றப் பையில் கையை விட்டார், அது உள்ளே சிக்கிக்கொண்டு வரவில்லை. யாரும் போதும் என்று சொல்லவில்லை. ஜவுளிக்காரரும் சொல்லவில்லை. அவர் காலி உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது.

பதினாறு பேரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள். ஏன் நிற்கிறோம் என்று கால்களுக்குத் தெரியவில்லை. எதிரே பலகையில் யாரோ பாதியில் விட்ட ஒரு கணக்கு இருந்தது. மனிதர்களை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டாள்.

"அவரு எடுக்கல" என்றாள். குரல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "பையை மூடுங்க ஐயா."

"நீ உட்காரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் கணவர்.

"தெரியும்ங்க. அது காணாமப் போகல. டப்பாக்குள்ள இருக்கு. பதினெட்டும் அதுதான், பத்தொன்பதும் அதுதான். ரெண்டும் ஒரே நோட்டு." மூச்சு விட்டாள். "அந்த நீர்த்துளி நான்தாங்க."